இரவு விவாதங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும், விவாத நிகழ்ச்சிகளின் நெறியாளர்களுக்கும், தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அக்கம்பக்கத்து ஊராட்சிகளில் கிராம சபைக்கு ஆள் திரட்டுவதும், வந்தவர்களை எழுந்து பேச வைப்பதும்தான் இப்போது என் வேலை. சம்பளம் கிடையாது, பதவி கிடையாது, எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அட்டை கிடையாது. இந்த வேலைக்குக் குறுக்கே நிற்பது எது என்று யாராவது கேட்டால், அதிகாரிகளின் அலட்சியத்தையோ உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் அதட்டலையோ நான் முதலில் சொல்ல மாட்டேன். உங்கள் இரவு நேர விவாதங்களைத்தான் சொல்வேன். அதை மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட உங்களிடமே சொல்வதுதான் முறை. அதனால் எழுதுகிறேன்.

விவாதமே வேண்டாம் என்று கேட்க வரவில்லை. 2011-க்குப் பிறகு தமிழில் இருபத்து நான்கு மணி நேரச் செய்திச் சேனல்கள் வரிசையாக வந்தபோது என்னைப் போன்றவர்கள் உண்மையிலேயே சந்தோஷப்பட்டோம். அதுவரை ஒரு கட்சியின் ஆளும் எதிர்க்கட்சியின் ஆளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதை எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்ததே இல்லை. ஆரம்ப வருடங்களில் பல நிகழ்ச்சிகள் நன்றாகவே இருந்தன. நீட் என்றால் என்ன, ஜிஎஸ்டி எப்படிப் போடுகிறார்கள், காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பு என்ன சொல்கிறது என்பதையெல்லாம் என் மாணவர்கள் அங்கேதான் முதலில் கேட்டார்கள். வகுப்பில் அதை வைத்தே நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த நன்றி எனக்கு இன்றும் இருக்கிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் விவாதங்களால் மக்கள் ஓட்டுப் போடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 69.72 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். தருமபுரியில் 81 சதவீதத்தையும் தாண்டியது. மத்திய சென்னையும் தென் சென்னையும் 54 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிட்டன, 2022 பிப்ரவரியில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் சென்னை 44 சதவீதத்தைக்கூட எட்டவில்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பழியை டிவி மேல் போட்டால் அது அபாண்டம். நகரத்து வாக்காளர் பட்டியலின் குளறுபடியிலிருந்து வீடு மாறிப் போனவர்கள் வரை அதற்கு ஆயிரம் காரணம் உண்டு.

நான் சொல்வது ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கிற ஐந்து வருடத்தைப் பற்றி. கிராம சபையில் எழுந்து வரவு செலவைக் கேட்பது. தெருவிளக்குக்கு மனு எழுதுவது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு தாள் போடுவது. ஊராட்சி வார்டுக்குத் தானே நிற்பது, அல்லது நிற்கத் தகுதியான ஒருவரைப் பிடித்து நிற்க வைப்பது. ஜனநாயகம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். இந்த இடத்திலிருந்துதான் ஆட்கள் கழன்றுகொண்டே இருக்கிறார்கள். கழன்று போகிறவர்கள் யார் என்று பார்த்தால், எங்களுக்கு மிகவும் தேவையானவர்கள்: நிதானமானவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள், சண்டைக்குப் போகாதவர்கள், பெண்கள்.

அது எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டத்திலிருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

டெல்டாவில் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்து வரும். அறுத்த நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழை நாளில் அது நடக்காது. நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காய வைப்பார்கள், மழை வந்தால் தார்ப்பாயைப் போட்டு மூடுவார்கள், இரண்டு நாளில் அடி நெல் முளைவிடும். மாநில அரசு தளர்வு கேட்டு மத்திய அரசுக்கு எழுதும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போகும். பிறகு உத்தரவு வரும், அல்லது வராது. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை தளர்த்தினார்கள். இதற்கு நடுவே சாக்குத் தட்டுப்பாடு, வாங்கிய மூட்டைகளைக் கிடங்குக்கு ஏற்றிப் போக லாரி வராதது, அதனால் நிலையத்திலேயே மூட்டைகள் தேங்கிப் புது நெல்லை இறக்க இடம் இல்லாமல் போவது, மூட்டைக்கு இவ்வளவு என்று கையூட்டு கேட்பது. ஒவ்வொன்றும் தனித்தனிப் பிரச்சினை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் வேறு வேறு.

அப்படி ஒரு மழை நாளில், சேனல் பெயர் வேண்டாம், முளைத்த நெல்தான் அன்றைய இரவு விவாதத் தலைப்பு என்று விளம்பரம் ஓடியது. எங்கள் தெருவில் ஒரு விவசாயி வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டோம். சாலையில் நெல் கிடந்தது. எல்லோருக்கும் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தளர்வு வருமா, எப்போது வரும், அதுவரைக்கும் நெல்லை என்ன செய்வது. திரையில் நாலு பேர். ஆளும் கட்சியிலிருந்து ஒருவர், எதிர்க்கட்சியிலிருந்து ஒருவர், அரசியல் விமர்சகர் என்று ஒருவர், திரையின் கடைசிப் பெட்டியில் ஒரு விவசாய சங்கப் பிரதிநிதி. சங்கக்காரர் முதல் சுற்றில் லாரி நகர்வைப் பற்றிச் சரியாக ஆரம்பித்தார். நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவர் இரண்டாவது வாக்கியத்தை முடிப்பதற்குள் ஒரு கட்சிக்காரர் குறுக்கே வந்து, "இவரு யாரோட ஆளுன்னு எங்களுக்குத் தெரியாதா" என்றார். மற்றவர் அதற்கு மேலே போய் ஒரு தலைவரின் குடும்பத்தை இழுத்தார். அப்புறம் யார் எப்போது எந்தக் கட்சியில் இருந்தார், யார் காலில் யார் விழுந்தார் என்று போனது. நெறியாளர் "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் யாருடைய மைக்கையும் அணைக்கவில்லை. சங்கக்காரர் முகம் அந்தக் கடைசிப் பெட்டியில் வாய் திறக்காமல் இருந்தது. நிகழ்ச்சி முடிகிறபோது அவருக்கு "சுருக்கமா, ஒரே வரியில" என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள்.

அந்த வீட்டுக்காரர் ரிமோட்டை எடுத்து சீரியலுக்கு மாற்றினார். கோபம்கூட இல்லை அவரிடம். "சார், இவனுங்க நமக்காக சண்ட போடல. இவனுங்க சண்டைக்கு நம்ம நெல்லு ஒரு சாக்கு" என்றார். அந்த வாரத்தில் நவம்பர் 1 வந்தது, உள்ளாட்சி தின கிராம சபை. கொள்முதல் நிலையத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு தீர்மானம் கொண்டுவரலாம், நீங்கள் பேசுங்கள், உங்களுக்குத்தான் விவரம் தெரியும் என்று அவரை அழைத்தேன். வர மாட்டேன் என்றார். "அங்கயும் இதே கூத்துதானே சார் நடக்கும். நான் ஒண்ணு பேசுனா அவன் எங்கப்பன இழுப்பான். எனக்கு எதுக்கு?"

அவருக்கு அதிகாரியிடம் பயம் இல்லை. கொள்முதல் நிலையத்தில் எடை போடும் இடத்தில் நின்று கேள்வி கேட்கிற மனிதர். பொது இடத்தில் பேசினால் அவமானப்பட வேண்டியிருக்கும் என்பது மட்டும் அவர் மனதில் பதிந்துவிட்டது. எங்கள் கிராம சபையில் அன்றுவரை யாரும் யார் அப்பாவையும் இழுத்ததில்லை. அவர் அதைப் பார்த்தது திரையில்தான்.

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை ஐந்நூற்றுக்கு மேல் மூவாயிரம் வரை இருக்கிற ஊராட்சிக்கு நூறு பேர் வந்தால் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, சரியாகிவிடும். அந்த நூறு பேரைச் சேர்ப்பதற்குள் உயிர் போகிறது. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி ஒப்பேற்றிய கூட்டங்கள் எத்தனையோ. நகரங்களில் 2022 நவம்பரிலிருந்து ஏரியா சபை என்று ஒன்று வந்திருக்கிறது. உங்கள் நேயர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியும்?

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரக உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு கொடுத்து 2016-ல் நம் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் ஆயிரக்கணக்கான பெண்கள் வார்டு உறுப்பினர்களாகவும் தலைவர்களாகவும் வந்தார்கள். அவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. எங்கள் பகுதியில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவி இருக்கிறார். வங்கிக் கடன் கணக்கைப் பைசா பிசகாமல் வைத்திருப்பவர். மேலாளரிடம் நின்று வாதாடி வட்டி மானியத்தை வாங்கிக்கொடுத்தவர். அடுத்த முறை நீங்கள் வார்டுக்கு நில்லுங்கள் என்று பலமுறை கேட்டுவிட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்:

"சார், டிவியில வர்ற பொம்பளைங்கள என்ன பேச்சுப் பேசுறாங்கன்னு நீங்களும் பாக்குறீங்கல்ல. அவங்க படிச்சவங்க, பெரிய இடத்துல இருக்கவங்க. அவங்களுக்கே அந்த கதி. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு. எங்க வீட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாரு. அவரு ஒத்துக்கிட்டாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

உங்கள் அரங்கில் ஒரு பெண் பேச்சாளரிடம், "உங்கள மாதிரி ஆளுங்ககிட்ட நான் பேச வரல" என்று ஒருவர் சொல்லி, அதைக் கேட்டு இன்னொருவர் சிரித்து, நெறியாளர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டால், அது அங்கேயே முடிந்துவிட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். எங்கள் ஊரில் அது ஒரு வேட்பாளரைக் குறைத்துவிடுகிறது. சட்டம் கொடுத்த ஐம்பது சதவீதம் காகிதத்தில் அப்படியே இருக்கும். அந்த இடத்தில் கணவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட ஒருவர் வந்து உட்காருவார்.

மாணவர்களிடமும் இதைப் பார்த்தேன். இளையோர் நாடாளுமன்றம் என்று பள்ளிகளில் ஒரு போட்டி நடக்கும். பிள்ளைகள் அமைச்சர், எதிர்க்கட்சி உறுப்பினர் என்று பிரிந்து விவாதிப்பார்கள். நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில், மேசையைத் தட்டி, விரலை நீட்டி, "முதல்ல நீங்க உங்க தகுதியச் சொல்லுங்க" என்று எதிராளியை மடக்கும் பையனுக்குத்தான் கைதட்டல் விழும். குடிநீர்த் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகையைத் தேடி எழுதிக்கொண்டு வந்த பெண் பிள்ளை அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். பேச அவளுக்கு இடம் கிடைக்காது. எங்கிருந்து இதைப் படித்தார்கள் என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தோள் குலுக்குவதிலிருந்து "நான் பேசும்போது குறுக்க வராதீங்க" என்பது வரை எல்லாம் உங்கள் அரங்கிலிருந்து வந்தது.

இதெல்லாம் ஒரு கிழவரின் அனுபவம், இதை வைத்து எப்படி ஒரு முடிவுக்கு வருவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் டயானா மட்ஸ், பைரன் ரீவ்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நடிகர்களைத் தேர்தல் வேட்பாளர்களாக நடிக்க வைத்து, ஒரே விவாதத்தை இரண்டு விதமாகப் படம் பிடித்தார்கள். சொல்லப்பட்ட கொள்கை, வாதம் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் பொறுமையாகக் கேட்டுப் பேசினார்கள். மற்றதில் குறுக்கிட்டார்கள், கண்ணை உருட்டினார்கள், குரலை உயர்த்தினார்கள். மரியாதை இல்லாத விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு அரசியல்வாதிகள் மேலும் அரசியல் அமைப்புகள் மேலும் நம்பிக்கை குறைந்தது. அதே நேரத்தில், அதைத்தான் அவர்கள் சுவாரசியம் என்றும் சொன்னார்கள். உங்களுக்கு இது புதிதாக இருக்காது. சண்டை ஓடும் என்பது உங்களுக்கு அனுபவத்தில் தெரியும். ஆனால் அதைப் பார்த்து எழுந்து போகிறவன் மனதில் என்ன தங்கிவிடுகிறது என்பதை நீங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

2007-ல் மட்ஸ் இன்னொன்றையும் காட்டினார். சண்டையும் மூர்க்கமும் இருக்கிற விவாதத்தில் கேமரா முகத்துக்கு மிக நெருக்கமாகப் போனால், எதிர்த் தரப்பின் வாதத்தைப் பார்ப்பவர்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் மனம் அவர்களுக்குக் குறைந்துவிடுகிறது. நேரில் ஒருவன் அவ்வளவு கிட்டே வந்து கத்தினால் நாம் விலகிப் போய்விடுவோம். உங்கள் திரையில் ஆறு கட்டம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் கழுத்துக்கு மேல் மட்டும் தெரிகிற ஒரு முகம் கத்துகிறது, நடுவில் சிவப்புப் பட்டை ஓடுகிறது. இதை ஏன் இப்படி வடிவமைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். வேறு மாதிரியும் வடிவமைக்க முடியும் என்பதும் தெரியும்.

எல்லா ஆய்வும் ஒரே பக்கம் பேசவில்லை. அதே 2007-ல் டெபோரா புரூக்ஸ், ஜான் கியர் என்ற இருவர், கடுமையான பேச்சு மக்களின் ஈடுபாட்டைப் பெரிதாகக் குறைத்துவிடுவதாகத் தெரியவில்லை, சிலருக்கு ஆர்வத்தைக் கொஞ்சம் தூண்டவும் செய்யலாம் என்று எழுதினார்கள். அதையும் நான் ஒதுக்கவில்லை. எங்கள் ஊரிலும் அப்படி ஆர்வம் கூடியவர்கள் இருக்கிறார்கள். ஒரு கட்சியில் ஏற்கெனவே ஊறியவர்கள் உங்கள் விவாதத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் டீக்கடையில் இன்னும் சூடாகப் பேசுகிறார்கள், துண்டுக் காணொளியை வாட்ஸ்அப்பில் அனுப்பித் தள்ளுகிறார்கள். அதைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன். ஏற்கெனவே சூடாக இருப்பவனை நீங்கள் இன்னும் சூடாக்குகிறீர்கள், யோசிக்கிறவனை வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். கடைசியில் களத்தில் யார் மிஞ்சுகிறார்கள்? மிஞ்சியவர்களைப் பார்த்துவிட்டு, "எங்கள் நேயர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்" என்று நீங்களும் முடிவுக்கு வந்துவிடுகிறீர்கள்.

தமிழ்நாட்டு அரசியல் எப்போது மரியாதையாக இருந்தது என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நானும் பொதுக்கூட்டங்களில் நின்றவன். நள்ளிரவுக்கு மேல் மேடை ஏறும் பேச்சாளர்கள் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். 1989 மார்ச் 25-ல் சட்டமன்றத்துக்குள் நடந்த கைகலப்பையும் மறக்கவில்லை. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு ஆசை இல்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டுமானால் ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்பி மைதானத்துக்குப் போக வேண்டும். மறுநாள் காலையில் அதே கட்சியின் கிளைச் செயலாளர் ரேஷன் அட்டைக்காக அவனோடு தாலுகா அலுவலகம் வருவார், எதிர்க்கட்சிக்காரர் அவன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறுவார். அரசியலின் ஒரு முகம் அசிங்கமாக இருந்தாலும், இன்னொரு முகத்தை அவன் பக்கத்திலேயே பார்த்தான். மேலே இருந்தவர்களும் அதைக் காட்டினார்கள். பல பத்தாண்டுகள் ராஜாஜியைக் கொள்கையில் எதிர்த்த பெரியார், 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, 93 வயதில், சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து கண்ணீர் விட்டார். இன்றைக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்குக் கிளைச் செயலாளர் யார் என்றே தெரியாது. அவர்களுக்கு அரசியல் என்றால் திரையில் வரும் அந்த ஒரு மணி நேரம்தான், இல்லையென்றால் அதிலிருந்து வெட்டி எடுத்த நாற்பது விநாடி.

இதில் ஒரு குழப்பம் வந்துவிடக் கூடாது. நான் கோபத்தைக் கண்டிக்கவில்லை. தூத்துக்குடியில் 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் குரலை உயர்த்தித்தான் பேசுவார். குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த வேங்கைவயல் போன்ற கொடுமைக்கு ஆளானவர்களிடம் போய் நாகரிகமாகப் பேசுங்கள் என்று சொல்ல யாருக்கும் அருகதை இல்லை. அந்தக் குரல் தாராளமாக உங்கள் அரங்கில் ஒலிக்கட்டும், கத்தியே ஒலிக்கட்டும். அந்தக் கோபம் மக்களை வெளியே கொண்டுவரும். 2017 ஜனவரியில் மெரினாவில் கூடியவர்கள் சாந்தமாக இருந்ததால் கூடவில்லை. எதிரில் இருப்பவனின் பிறப்பை, தொழிலை, உடலை, வீட்டுப் பெண்களை இழுப்பது வேறு. பேச வந்தவனைப் பேச விடாமல் அடிப்பது வேறு. ஒரு நெறியாளருக்கு இந்த வித்தியாசம் ஒரு நொடியில் தெரியும். பத்து வருடம் வகுப்பு எடுத்த எந்த ஆசிரியருக்கும் தெரிகிற விஷயம்தான் இது.

டிஆர்பி என்று ஒரு காரணம் எப்போதும் சொல்லப்படுகிறது. வியாழக்கிழமை வருகிற எண்ணை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு என்று ஓர் இளம் தயாரிப்பாளர், என் பழைய மாணவர், என்னிடம் வருத்தப்பட்டார். அவர் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் 2020 அக்டோபரில் டிஆர்பி முறைகேடு வெளிவந்த பிறகு, செய்திச் சேனல்களுக்கான கணக்கையே நிறுத்தி வைத்தார்கள். 2022 மார்ச்சில்தான் மறுபடி வந்தது. 2021 சட்டமன்றத் தேர்தல் முழுவதும் உங்களுக்கு வார எண்ணே கிடையாது. அந்தக் காலத்தில் விவாதங்கள் அமைதியாகிவிட்டனவா? நான் பார்த்தவரை இல்லை. பழக்கம் அப்படியே தொடர்ந்தது. எண்ணுக்காக ஆரம்பித்தது, எண் இல்லாதபோதும் நின்றுபோகவில்லை. இப்போது யூடியூப் பார்வைக் கணக்கு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. ஒரு மணி நேர விவாதத்தில் நல்ல பதில்கள் பத்து இருந்தாலும், "கதறவிட்ட", "வெளுத்து வாங்கிய", "பாதியில் எழுந்து ஓடிய" என்று தம்ப்நெயில் போட்டு மேலே ஏற்றுவது யார்? கட்சிக்காரர்கள் இல்லை. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து அதைத் தேர்ந்தெடுக்கிறார்.

கட்சிகள் அனுப்புகிற ஆள் அப்படி, நாங்கள் என்ன செய்ய முடியும் என்பது இரண்டாவது காரணம். கட்சிகள் மேல் குற்றம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2022 மே மாதம் ஓர் ஆங்கிலச் சேனல் விவாதத்தில் ஒரு தேசியக் கட்சியின் செய்தித் தொடர்பாளர் பேசிய பேச்சு, வளைகுடா நாடுகள் நம் தூதர்களை அழைத்துக் கண்டிக்கும் அளவுக்குப் போனது. அந்த வருடம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தொலைக்காட்சி வெறுப்புப் பேச்சு வழக்கை விசாரித்தபோது, நெறியாளரின் பொறுப்பைத்தான் அழுத்திச் சொன்னது. அரங்கு உங்களுடையது. அழைப்பு உங்களுடையது. மைக்கின் பொத்தான் உங்கள் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறது. போன வாரம் ஒரு பெண்ணை இழிவாகப் பேசியவரை இந்த வாரமும் அழைக்கிறீர்கள் என்றால், அவர் அப்படிப் பேசுவார் என்பது தெரிந்தேதான் அழைக்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற விஷயம் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர்களின் மைக்கை அணைத்து வையுங்கள். தேர்தல் நேரத்தில் சில நிகழ்ச்சிகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறீர்கள், உலகம் இடிந்து விழவில்லை. ஒருவர் தனிப்பட்ட முறையில் இழிவு செய்தால் நிகழ்ச்சியை அங்கேயே நிறுத்தி, திரும்பப் பெறச் சொல்லுங்கள். மறுத்தால் அவர் கட்டத்தை எடுத்துவிட்டு மீதிப் பேரோடு தொடருங்கள். அந்தத் துண்டை யூடியூபில் போடாதீர்கள். இதில் நான் ரொம்பப் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனென்றால் அரங்கில் மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டு அதே அவமானத்தை இரவு பத்து மணிக்கு ஷார்ட்ஸாக ஏற்றினால் அந்த மன்னிப்புக்கு அர்த்தமே இல்லை.

அதைவிட முக்கியமாக, தலைப்பைத் தெரிந்தவரை முதலில் பேச விடுங்கள். நெல்லைப் பற்றி விவாதம் என்றால், கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதியவர் ஒருவர், சாலையில் நெல் காய வைத்தவர் ஒருவர், விதிகளைத் தெரிந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், இவர்களுக்கு முதல் பத்து நிமிடம் கொடுங்கள். அதற்கு அப்புறம் கட்சிக்காரர்கள் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பதில் சொல்லட்டும். இப்போது நடப்பது தலைகீழாக இருக்கிறது. நிகழ்ச்சி முடியும்போது, பார்த்தவர் அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரே ஒரு வரி போடுங்கள்: எந்த அலுவலகத்துக்கு மனு, எந்தத் தேதியில் கிராம சபை, எந்தச் சட்டத்தில் கேள்வி கேட்கலாம். தங்கம் விலை ஓடுகிற பட்டையில் அதற்கு இடம் இருக்கிறது.

நேயர்கள் புகார் செய்ய ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 2021-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு சேனலிலும் ஒரு குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவர் பெயரையும் முகவரியையும் விவாதத்தின் ஆரம்பத்திலும் முடிவிலும் திரையில் காட்டுங்கள். இணையதளத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டால் எங்கள் ஊர் அம்மாக்களுக்கு அது எட்டாது.

உங்களில் நேர்மையாக விவாதம் நடத்த முயல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். குரலை உயர்த்தாமல், கையில் தாளோடு வந்து, "நீங்கள் இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை" என்று மூன்று முறை அதே கேள்வியைக் கேட்கிற நெறியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு நிகழ்ச்சியைப் பார்த்த மறுநாள் எங்கள் ஊரில் பேச்சே வேறு மாதிரி இருக்கும். "அவரால பதில் சொல்ல முடியல பாத்தியா" என்பார்கள். அந்தப் பேச்சிலிருந்து கிராம சபைக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வருவது எனக்குச் சுலபம். அவர்களை உங்கள் நிர்வாகம் எட்டு மணிக்கு வைக்கிறதா, இரவு பத்தரைக்குத் தள்ளுகிறதா என்பதை நாங்களும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கடைசியாக ஓர் அழைப்பு. வரும் கிராம சபை நாளில் ஒரு கேமராவோடு எங்கள் ஊராட்சிகளில் ஏதாவது ஒன்றுக்கு வாருங்கள். முழுக் கூட்டத்தையும் படம் பிடியுங்கள். சண்டை நடந்தால் அதையும் பிடியுங்கள், நான் தடுக்க மாட்டேன். வரவு செலவை ஒரு பெண் எழுந்து வரி வரியாகக் கேட்டால், அதையும் அதே நீளத்துக்கு, இரவு எட்டு மணிக்கு ஒளிபரப்புங்கள். அந்தச் சுயஉதவிக் குழுத் தலைவியிடம் இதைச் சொன்னேன். "கேமரா வருதா சார்? வந்து கேக்குறத முழுசாப் போடுவாங்களா?" என்று கேட்டார். உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பதிலை எதிர்பார்த்து,

ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்